பெரியவனின் பூட்ஸ்

1966 மே, செவ்வாய்க்கிழமை.

என் சின்னவன் பீட்டர், கோட்டை மலைக்குக் கீழே வறண்ட ஏரியில் பையன்களோடு மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறான் என்று பக்கத்து வீட்டு மேரி வந்து சொன்னாள். பந்தயத்துக்காம். பந்தயத்தில் விழுந்துதான் பெரியவன் செத்தான். இன்னும் வருடப் பூசைகூட ஆகவில்லை. இவனை இழுத்து வரத்தான் போனேன்.

நான் பார்க்கும்போதே மணல் வளைவில் விழுந்தான். காலில் பெரியவனின் பூட்ஸ்.

"இன்னாடா இது?"

"வளைவுல கால ஊனித் திருப்பணும்மா. பூட்ஸ் பெரிசு, கால் உள்ள நழுவுது."

"அம்மா வந்துட்டாங்க, ரேஸ் முடிஞ்சிடுச்சுடா" என்று ஒருவன் சிரித்தான்.

"கழட்டிட்டு வீட்டுக்கு வா."

"கழட்டுறேன். ஆனா வரமாட்டேன், வெறுங்காலோட ஓட்டுவேன்."

வெறுங்காலோடு விழுந்தால் கால் போய்விடும். அங்கேயே உட்கார்ந்து முந்தானையைக் கிழித்தேன். பூட்ஸ் முனையில் திணித்து, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

அடுத்த சுற்றில் அவன் விழவில்லை. பையன்கள் கத்தினார்கள். அவன் இன்னும் வேகமாகப் போனான்.

இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் நன்றாகத் தூங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை பந்தயமாம். மாதாவே, அவனுக்கு ஏதாவது ஆனால், கட்டி அனுப்பியவள் நான்தான்.