நாலு போர்டும் ஒரு பெட்டியும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அறையில் தங்கியிருக்கும் அந்தக் குறட்டைக்காரரிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடு. போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இங்கே எல்லாரும் நலம். வேலையிடத்தில் நீ லிஃப்ட் மேல் ஏறி நிற்பதாக அனுப்பிய புகைப்படத்தை அம்மா பார்த்தாள். "கன்னம் ஒட்டிப்போச்சு" என்றாள். அப்பா பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் படம் வேறு பக்கம் திரும்பி இருந்தது.

அப்பாவின் வீடியோ கேம் கடையில் பாதி அம்மாவுக்குப் போய்விட்டது, மூன்று தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அதற்காக நாலு கேம் பெட்டிகளில் மூன்றைக் கழித்தாயிற்று. சுவரோரப் பெட்டி ஒன்றுதான் மிச்சம், அதில் அப்பாவின் விமான கேம் ஓடுகிறது. கார், பேய்வீடு, உன்னுடைய தவளை, இந்த மூன்று கேம்களின் சர்க்யூட் போர்டுகளும் துணியில் சுற்றி மேசைக்கடியில் கிடந்தன. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பழைய சாமான்காரர் வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போகப்போகிறார்.

நாலையும் ஒரே பெட்டியில் ஓட்டலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "நாலையும் அடுக்க அது என்ன டிபன் கேரியரா?" என்றார். பிறகு சுவரைக் காட்டி, "ஒருத்தன் கை வச்சது போதும்" என்றார். சுவரில் எது தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். நீ தலைகீழாகச் செருகி எரித்துவிட்ட குதிரைப் பந்தய போர்டு. நீ வீட்டைவிட்டுப் போன அன்று அப்பா ஆணியடித்து மாட்டியது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் கேட்காமலே செய்துவிட்டேன்.

உன் செருப்பு டப்பாவில் நீ பாதியில் விட்ட சுவிட்ச் இருந்தது. ஐந்து போர்டு செருக ஐந்து இடம், திருப்ப ஒரு குமிழ். நீ ஒட்டிய ஒயர்களைப் பார்த்துப் பார்த்து மீதியை நானே சால்டரிங் அயர்னால் ஒட்டினேன். பள்ளி விட்டு வந்ததும் அப்பா மாடியில் கண்ணயரும் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. பெட்டியின் பின்கதவை அவர் திறப்பதே இல்லை என்பதால் பிழைத்தேன். விரலில் சூடு பட்டதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். எதுவும் கேட்காமல் மருந்து தடவி, "யாராவது கேட்டா இஸ்திரிப் பெட்டின்னு சொல்லு" என்றாள்.

ஆனால் நேற்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். நாலு போர்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுத்து, படத்தை மட்டும் சுவிட்சால் மாற்றும்படி வைத்திருந்தேன். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலரைதான் வந்தது. தவளை ஒரு தாவல்கூடத் தாவாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. பவர் சப்ளையின் திருகைத் திருப்பி ஐந்துக்கு ஏற்றினேன். எல்லாம் ஓடின. அந்தச் சந்தோஷத்தில், ஒயரைச் சரிசெய்யலாம் என்று மூன்று போர்டைக் கழற்றினேன், திருகை மறந்துவிட்டேன். நாலு பேருக்கு வைத்த சாப்பாட்டை விமானம் ஒன்றே தின்றது. மீட்டரில் ஐந்தே முக்கால். படம் நின்றது, சத்தம் செத்துவிட்டது.

அப்பாவின் விமானம், அண்ணா. உடனே பெட்டியை அணைத்தேன். நல்லவேளை, நேற்று மாலை பள்ளிக்கூடத்துச் சீருடைகளை வெட்ட அம்மா கடையை முழுக்க வளைத்துப் போட்டிருந்தாள், யாரும் விளையாட வரவில்லை.

சத்தம் எழுப்பும் சிப் எது என்று தொட்டுப் பார்த்தே தெரிந்தது, அவ்வளவு சூடு. அதே நாற்பது கால் சிப்பை வேறெங்கோ பார்த்த ஞாபகம். நிமிர்ந்தால் சுவரில் உன் குதிரை போர்டு. இன்று திருகைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, அதிலிருந்து சிப்பைக் கிளப்பி எடுத்து விமானத்தில் பொருத்தினேன். படம் ஓடியது, முதல் குண்டே டமாலென்று வெடித்தது. நீ எல்லாவற்றையும் எரித்துவிடவில்லை.

பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். சுவிட்சை எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த போர்டுக்கு மட்டும்தான் இப்போது கரண்ட் போகும். தடித்த ஒயரும் போட்டேன். நாலையும் தனித்தனியே அளந்தேன், நாலிலும் ஐந்துதான். போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் காற்றுப் போக இடம்விட்டு அடுக்கியிருக்கிறேன். பார்க்க அசல் டிபன் கேரியர்தான். இது ஓடும். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

என் பயமெல்லாம் சுவரைப் பற்றித்தான். குதிரை போர்டின் நடுவில் இப்போது ஒரு காலி ஓட்டை. அப்பா தினமும் அதைப் பார்க்கிறார். எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் விளக்கை அணைக்கும் முன் ஒருமுறை பார்க்காமல் மாடியேற மாட்டார். இன்று அம்மா முந்திக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டாள், தப்பித்தேன். கோபத்தில் பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் நாளை உன் தவளையும் போய்விடும். காலையில் அவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியைப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று இருக்கிறேன். காதால் கேட்டுவிட்டால் பிடுங்க அவருக்கு மனசு வராது.

ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது. அதற்கு ஏதாவது போர்டு நானே தேடிப் போட்டிருப்பேன், போடவில்லை. அதற்கு நீதான் வந்து

இரு. கீழே சத்தம் கேட்கிறது.

விமானம். பெட்டியை யாரோ போட்டிருக்கிறார்கள். அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறாள்.

இப்போது கார். இப்போது பேய்வீடு. ஒவ்வொன்றாகத் திருப்புகிறார்.

தவளை. அதில் மட்டும் நிற்கிறது, திருப்பவில்லை. தாவுகிறது, விழுகிறது, மறுபடி தாவுகிறது. அப்பா தவளை விளையாடி நான் பார்த்ததே இல்லை அண்ணா. ஆற்றைக்கூடத் தாண்டத் தெரியவில்லை.

நின்றுவிட்டது. படியில் காலடி.

கதவைத் தட்டுகிறார். தூங்கலைன்னு தெரியும், வெளிச்சம் தெரியுது என்கிறார். குரலில் கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. அஞ்சாவது இடத்தை யாருக்குடி விட்டு வச்சிருக்கே என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல