நீ தொடாத கீபோர்டு

இன்று மதியம் லேப் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அந்த வாடை வந்துவிட்டது. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் சாக்ஸ் நாற்றமும், ஏசியின் ஈரக் குளிரும், சூடேறிய பிளாஸ்டிக் மணமும் கலந்த வாடை. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும்போது உன் சேலையிலும் அதுதான் இருக்கும். "கம்ப்யூட்டர் லேபுக்குப் போயிட்டு வர்றியா, கருவாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டு வர்றியா?" என்று கேட்பேன். நீ வேண்டுமென்றே முந்தானையை என் மூக்குப் பக்கம் வீசுவாய். இன்று வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள். லேஸ் சிக்கிக்கொண்டதுபோல் குனிந்து சமாளித்தேன்.

ஆமாம், உன் லேப் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கருமாதி முடிந்து கல்லூரிக்குப் போன அன்றே துறைத் தலைவர் கூப்பிட்டார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மேடத்தோட செகண்ட் இயர் லேப இதுவரைக்கும் ஆளாளுக்கு மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்க, இனிமே ஆள் இல்ல. செமஸ்டர் முடியிற வரைக்கும் நீங்க பாத்துக்க முடியுமா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மனுஷன் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், இவருக்கு டைம்டேபிள் கவலை. பிறகு வேறு யாரோ உன் நாற்காலியில் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். "நானே பாக்குறேன் சார்" என்று வாய் சொல்லிவிட்டது.

நமக்குள் இருந்த பழைய வழக்கு உனக்கு நினைவிருக்கும். நான் தியரிக்காரன், நீ லேப்காரி. போர்டில் ஒழுங்காக எழுதிப் போட்டால் பிள்ளைக்குப் புரியாதா, இதற்கு ஒரு மதியம் முழுக்க வேண்டுமா என்பேன். "நீச்சல போர்டுல எழுதிப் போட்டா, தேவனாம்பட்டினம் கடல்ல போய் எறங்குவீங்களா மாமா?" என்று கேட்டாய் ஒருநாள்.

உன் லேபில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அது பிள்ளைகளுக்கு இல்லை, உனக்கு நீயே போட்டுக்கொண்டது. மாணவரின் கீபோர்டை ஆசிரியர் தொடக் கூடாது. எரர் வந்து பிள்ளை திருதிருவென்று விழித்தால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? "நகரு" என்று சொல்லிவிட்டு நாலு தட்டு தட்டி ஓட வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போவோம். நீ மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பாய். "நீ என்னா நெனச்ச? அது என்னா செஞ்சுச்சு?" உன் பாடம் மொத்தமும் இந்த இரண்டு கேள்விதான். "போலீஸ் பரேடா நடத்துற?" என்று வாசலில் நின்று கேலி செய்திருக்கிறேன். "கை சும்மா இருக்க மாட்டேங்குது மாமா, அதான் அரெஸ்ட் பண்ணி வச்சிருக்கேன்" என்றாய். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தச் சட்டத்தை நோயிலும் கொண்டுவருவாய் என்று நான் நினைக்கவில்லை.

கேன்சர் மருந்து ஏற ஏற உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. சோறு பிசைந்தால் சூடு தெரியவில்லை என்றாய். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து நைட்டியின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாய். போட்டுக்கொண்டே இருந்தாய். வாசலில் கார் நின்றது. நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க மாமா."

"எவ்ளோ நேரமாடீ இத போடுவ? டாக்டர் எழுந்து போயிடுவாரு."

"போனா போவட்டும். நானே போட்டுக்குறேன்."

நான் கேட்கவில்லை. போட்டுவிட்டேன். நீ அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். முட்லூர், ஆலப்பாக்கம், கடலூர் எல்லாம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அந்தச் சண்டையை நான் இன்னும் விடவில்லை. பிள்ளைகளுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். கட்டிய புருஷன் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், சொல்? நீ அங்கே ஒரு பட்டனோடு போராடுவாய், நான் மூலையில் நின்று "என்னா நெனச்ச?" என்று கேட்க வேண்டுமா? இன்னொரு தடவை அந்தக் காலை வந்தாலும் போட்டுத்தான் விடுவேன். வந்து திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சித்திரைப்பேட்டையிலிருந்து வருகிற வினோதினியை உனக்குத் தெரியும். கடைசி வரிசையில் சுவர் ஓரம் உட்காருவாள், பேச்சு குறைவு. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வகுப்புப் பிள்ளைகளோடு நம் வீட்டுக்கு வந்தாள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். யாரோதான் அதை வாங்கி உன்மேல் போட்டார்கள்.

நான் லேபை எடுத்த முதல் வாரமே கவனித்தேன். எல்லோரும் அடுத்தடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இவள் அவற்றையும் செய்கிறாள், ஆனால் ஒரே ஒரு பழைய ப்ரோகிராமை மட்டும் பாதியில் விட்டிருக்கிறாள். லிங்க்டு லிஸ்ட். உனக்கு எதற்கு விளக்கம், ஆனாலும் நீ பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொல்லிப் பார்க்கிறேன்: வரிசையாக நிற்கிற பெயர்கள், ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்தவர் யார் என்பது மட்டும்தான் தெரியும். முன்னால் நிற்பவரை நீக்கினால் மற்றவர்கள் அப்படியே நிற்க வேண்டும். இவளுடையதில் முதல் பெயரை நீக்கினால் மொத்த வரிசையும் காணாமல் போய், திரையில் குப்பை குப்பையாக ஏதோ வருகிறது.

தப்பு எனக்கு உடனே தெரிந்தது. வழக்கம்போல் கை நீண்டது. அவள் சட்டென்று கீபோர்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"வேணாம் சார்."

"ஏம்மா?"

"மேடம் லீவு போடறதுக்கு முன்னாடி இதத்தான் சார் பாத்தாங்க. 'தப்பு உன் கண்ணு முன்னாலயே நிக்குது, நீயே தேடு, அடுத்த வாரம் வந்து பாக்குறேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவளே பேசினாள். "வர மாட்டாங்கன்னு தெரியும் சார். ஆனா இத முடிச்சிட்டா, அவுங்க சொன்னதுல மிச்சம் ஒண்ணும் இல்லாம போயிடும்ல?"

அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் விட்டேன், அதற்கடுத்த வாரமும் விட்டேன். வீட்டில் நானும் உன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், அவளை என்ன சொல்ல?

ஆனால் எவ்வளவு நாள் விட முடியும்? பயிற்சிகள் எல்லாவற்றிலும் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார விட மாட்டார்கள். இன்றுதான் கடைசி வகுப்பு. நானே இரண்டு வரியை மாற்றி ஓட வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். அவளும் பாஸாகிவிடுவாள். ஆனால் நீ அவளிடம் விட்டுப்போன அந்த ஒன்றை நான் பிடுங்கிக்கொண்டவன் ஆவேன். பிடுங்காமல் விட்டால் ஒரு வருஷம் போய்விடும். நீ இருந்திருந்தால் அரை மணியில் சிரிக்கச் சிரிக்க முடித்திருப்பாய் என்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். பக்கத்து மேஜைப் பையன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"வினோதினி, நீ என்னம்மா நெனச்ச?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தையும் பின்னால் போன கைகளையும் பார்த்தாள். உதடு கோணியது. அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"மொதப் பேர் மட்டும் போவணும்னு நெனச்சேன் சார்."

"அது என்ன செஞ்சுச்சு?"

"எல்லாரும் போயிட்டாங்க."

"வரி வரியா வாய்விட்டுப் படி."

படித்தாள். பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்ததுபோல் நான் அந்தக் கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடிப்பாவி, இவ்வளவு கஷ்டமா இது? என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. இதை வருஷக்கணக்கில் எப்படிச் செய்தாய்? நீ எதுவுமே செய்யாமல் நிற்கிறாய் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"இந்த வரில மொதப் பேர அழிக்கிறேன் சார். அடுத்த வரில, உனக்கு அடுத்தவங்க யாருன்னு அதுகிட்ட கேக்குறேன்." நிறுத்தினாள். மறுபடியும் மேலே போய்ப் படித்தாள். "அதான் போயிடுச்சே சார். போனப்புறம் அதுகிட்ட போய் எப்புடிக் கேக்க முடியும்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அழிப்பதற்கு முன்பே அடுத்தது யார் என்று கேட்டு வாங்கி வைக்கும்படி அவளே வரிகளை மாற்றினாள். ஓட்டினாள். முதல் பெயர் போனது. மற்ற பெயர்கள் எல்லாம் நின்றன.

அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். "மேடம்கிட்ட காட்டணும்னுதான் சார் வச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவு மெதுவாக.

"எங்கிட்ட காட்டிட்டல்ல. நான் போய்ச் சொல்லிடறேம்மா."

யோசித்துச் சொல்லவில்லை. நீ படுக்கையில் இருந்த நாட்களில் உன் பிள்ளைகளின் சேதியை வாங்கிக்கொண்டு போய்ச் சொன்ன பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைத் திருத்தவில்லை. "சரிங்க சார். கண்டிப்பா சொல்லிடுங்க" என்றாள். கையெழுத்துக்கு நோட்டை நீட்டினாள். போட்டேன்.

சட்டை கூட மாற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாம் இரண்டு பேர் மட்டுமே இருந்த வீட்டில் இப்போது யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை கூட அதற்கப்புறம்தான். இனி எந்தப் பிள்ளை பக்கத்தில் போய் நின்றாலும் என் கை தானாகப் பின்னால் போகும் என்று நினைக்கிறேன். அது உன்னுடையது, வைத்துக்கொள்கிறேன்.

வினோதினி தப்பைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். யாரும் கீபோர்டைத் தொடவில்லை. தேர்வன்று என்னைப் பார்த்தால், மேடத்திடம் சொன்னீர்களா என்று கேட்பாள். சொல்லிவிட்டேன் என்று சொல்வேன்.