எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு

சேசு மரி சூசை துணை

24-10-1958, வெள்ளிக்கிழமை
ஊர்ச் சாவடி

அன்பு மகன் அருளானந்தத்துக்கு உன் அய்யா சவேரியார் எழுதுறது. பட்டணத்துல நீயும் உன் சம்சாரமும் பேரப்பிள்ளையும் மேலுக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிறேன். இங்கன நாங்க எல்லாரும் சுகம்னு எழுதத்தான் கை போச்சு, எழுத மனசு வரலே, விட்டுட்டேன். கையெழுத்தைப் பாத்து நீ திகைச்சிருப்ப. இத்தனை வருசமும் உனக்கு வந்த கடுதாசி எல்லாம் உன் தங்கச்சி லீமாரோஸ் எழுதுனதுதான், நீ எழுதுறதைப் படிச்சுக் காட்டுறதும் அவதான். எனக்குப் பழக்கத்துல கை எழுதிருது, அடுத்தவுக எழுத்தைப் படிக்கத்தான் கண்ணு ஒத்துவரலே. இந்தக் கடுதாசி அவ கண்ணுல படக்கூடாதுன்னு, நம்ம கிராம முன்சீப்பு ராமநாதபுரம் போயிருக்கிற நேரம் பாத்து, மத்தியானச் சாவடியில அவர் மைக்கூட்டை எடுத்து வச்சு எழுதுறேன். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட்டுராத. கோயில் உபதேசியார் மேற்பார்வைன்னு போட்டு எழுது.

சுத்தி வளைக்கத் தெரியலே மகனே. லீமாரோஸ் புருசன் சிலுவைமுத்து செத்துப்போனான். அது எனக்கும் முன்சீப்பு சேதுராமனுக்கும் மட்டும்தான் தெரியும். லீமாரோசுக்குத் தெரியாது, உங்க அம்மாவுக்குத் தெரியாது, அவனை வலைபோட்டுத் தேடிக்கிட்டு இருக்கிற போலீசுக்கும் தெரியாது. அவன் பொணத்தைக் கயித்தைக் கட்டி இழுத்து ஊர் எல்லைக்கு அங்கிட்டுத் தள்ளிவிட்டவன் நான்தான்.

ஆகஸ்டு மாசம் பரலோகமாதா திருநாள் முடிஞ்ச மறுநாள் அவன் மண்டபம் பக்கம் தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போறேன், திரும்ப ஒரு மாசம் ஆகும்னு சொல்லிட்டுப் போனான். நாங்களும் நம்பிட்டோம். அவன் போனது மண்டபத்துக்கு இல்லே, கள்ளத்தனமா சேலை துணி ஏத்திக்கிட்டு இலங்கைக்குப் போன வள்ளத்துக்குக் கூலிக்காரனா. இது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சது. அவன் போய் பன்னெண்டு பதிமூணு நாள் இருக்கும், மத்தியான வெயில், ஊரே படுத்துக் கிடக்கு, தமுக்கு அடிக்கிற கூத்தையா ஓடிவந்து கரையில ஒண்ணு ஒதுங்கியிருக்குன்னு சொன்னான். போய்ப் பாத்தேன். முகம்னு சொல்ல ஒண்ணுமில்லே, மீன் தின்னது போக மிச்சம். நம்ம ஊர்ல யாரும் காணாமப் போகலே, அதனால யாரோ எந்த ஊர்க்காரனோன்னுதான் நினைச்சேன்.

ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா. கரையில பொணம் ஒதுங்குச்சுன்னா தலையாரி நான் முன்சீப்புகிட்ட சொல்லணும், முன்சீப்பு ஸ்டேஷனுக்கு எழுதணும், போலீசு வர ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் நான் பொணத்துக்குக் காவல். வந்தா வந்தவுகளுக்குச் சாப்பாடு, அஞ்சு பேர் பஞ்சாயத்தார்னு உக்காந்து கையெழுத்துப் போடணும், அப்புறம் அந்த அஞ்சு பேரும் தொழிலை விட்டுட்டு ராமநாதபுரம் கோர்ட்டுக்கு அலையணும், எவனையாவது ஒருத்தனைச் சந்தேகம்னு பிடிச்சுட்டுப் போயி நொறுக்குவாக. அதுக்குப் பயந்துதான் எங்க அய்யா தலையாரியா இருந்த காலத்துலயே எல்லைக்கல்லுக்கு அங்கிட்டுத் தள்ளிவிடுறது. அங்கிட்டு உள்ளவுக இங்கிட்டுத் தள்ளுனதும் உண்டு. அதை ஒரு பாவம்னு யாரும் நினைச்சதில்லே, நானும் நினைக்கலே. முன்சீப்புகிட்ட சொன்னேன், அவர் சோறு தின்னுக்கிட்டிருந்தார், எல்லை தாண்டிட்டு வந்து சொல்லுன்னார். நானும் கூத்தையாவும் இடுப்பளவு தண்ணியில இறங்கி, கக்கத்துல கயித்தைக் கொடுத்து, வடக்கே கல்லுக்கு அங்கிட்டு ஒரு கூப்பிடு தூரம் கொண்டுபோய் விட்டுட்டு வந்தோம்.

கயிறு கட்டுறப்ப கழுத்துக் கயித்துல கிடந்த மாதா படத் துணி, உத்தரியம், கையோட வந்துருச்சு. அப்பத்தான் நம்ம வேதக்காரன்னு தெரிஞ்சது. தெரிஞ்சும் இழுத்தேன். மந்திரிச்ச உத்தரியத்தை மண்ணுல போடக்கூடாதே, சாமியார் வந்தா கொடுப்போம்னு மடியில முடிஞ்சு கொண்டாந்து, சர்க்கார் காகிதம் வச்சிருக்கிற தகரப்பெட்டியில போட்டேன். துணிக்குக் காட்டுன மரியாதையை அந்த ஆளுக்குக் காட்டலே பாரு. நின்னு ஒரு பரலோகமந்திரம் கூடச் சொல்லலே.

செப்டம்பர் மாசம் பாதியில போலீசு வந்துச்சு. இன்னொரு வள்ளத்துல பிடிபட்டவன் எவனோ சிலுவைமுத்து பேரைச் சொல்லியிருக்கான். வந்தவுக லீமாரோசை வாசல்ல நிக்கவச்சு, புருசனை எங்க மறைச்சு வச்சிருக்கேன்னு கேட்டு வீட்டுக்குள்ள இருந்த பானை சட்டியெல்லாம் உருட்டிப்போட்டுட்டுப் போனாக. அவ வாய் உனக்குத் தெரியுமே, உப்புப் பானைக்குள்ளதான் வச்சிருக்கேன், கையைவிட்டு எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டா. மண்டபம் போறேன்னவன் இலங்கை வள்ளத்துல போயிருந்தா அன்னைக்குக் கரையில கிடந்தது யாருன்னு அவுக போனதும் எனக்குத் தட்டுச்சு. சாவடிக்கு வந்து தகரப்பெட்டியைத் திறந்து அந்த உத்தரியத்தை எடுத்தேன். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கலே, விரல்ல தடவித்தான் கண்டுபிடிச்சேன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி அவன் உத்தரியக் கயிறு அறுந்துபோச்சுன்னு லீமாரோஸ் என் கண்ணு முன்னால உக்காந்து வலை நூலைக் கொடுத்து ஒட்டுப்போட்டா. எல்லாரும் ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போடுவாக, அவ மூணு சுத்துவா, சின்னதுலருந்தே அப்படித்தான், எத்தனை தடவை சொல்லியும் மாத்திக்கலே. மூணு சுத்து. ரெண்டு பக்கமும் மூணு சுத்து.

மறுநாளே வடக்கூர் போனேன். அவுக ஊர்த் தலையாரி முனியசாமியைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, நீங்க விட்டதை நாங்க மட்டும் வச்சுக் கும்பிடவா செய்வோம், அன்னைக்குச் சாயங்காலமே அடுத்த ஊருக்குத் தள்ளிட்டோம்னான். அடுத்த ஊருக்குப் போனேன், அவுகளும் அதே சொல்லு. அதுக்கடுத்த ஊர்ல ஒரு கிழவன்தான் நிஜத்தைச் சொன்னான், இதென்னடா ஓயாத தொல்லைன்னு வள்ளத்துல கட்டி இழுத்துட்டுப் போய் ஆழத்துல விட்டுட்டாகளாம். நாலு ஊர்க்காரனும் என்னைப் போலத்தான். நான் யாரைப் போய் வையறது, சொல்லு. என் மருமகனுக்கு ஆறடி மண்ணு கொடுக்க நாலு ஊர்ல ஒரு ஊர் இல்லாமப் போச்சு, முதல் ஊர் நம்ம ஊர்.

முன்சீப்புகிட்ட சொன்னேன். அவர் கதவைச் சாத்திட்டு, வாயைத் திறந்தியோ நீயும் நானும் கூத்தையாவும் நாலு ஊர் முன்சீப்பும் தலையாரியும் கூண்டுல நிப்போம், பட்டணத்துல உன் மகன் போட்டிருக்கிற காக்கியையும் கழட்டிருவாகன்னார். பொணம் இல்லாத சாவை எந்த இன்ஸ்பெக்டர் எழுதுவான், தப்பி ஓடுனவனைக் காப்பாத்த மாமனார் கதை கட்டுறான்னுதான் சொல்லுவான்னார். அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அந்தப் பயத்துல வாயை மூடிக்கிட்டேன். மூடுனதுக்குக் கூலி என்ன தெரியுமா, ஸ்டேஷன்லருந்து உத்தரவு, தலைமறைவான சிலுவைமுத்து வீட்டைத் தலையாரி சவேரியார் கண்காணிக்கணும், யார் வாரா யார் போறான்னு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து சொல்லணும்னு. அஞ்சு சனிக்கிழமையாப் போறேன். என் மகள் வீட்டு வாசலுக்கு எதிர்ல உடைமரத்தடியில உக்காந்து, செத்தவன் வாரானான்னு காவல் காக்கேன். வெயிலாருக்கு உள்ள வாங்க அய்யான்னு அவ மோர் கொண்டாந்து தாரா.

அதுக்கும் மேல ஒண்ணு. இந்த மாசம் ஒண்ணாம் தேதி கோர்ட்டு அறிக்கை வந்துச்சு. சிலுவைமுத்து என்கிறவர் முப்பது நாளைக்குள்ள ஆஜராகணும், தவறுனா வீடு வள்ளம் வலை எல்லாம் ஜப்தி. அதை ஊர்ல தமுக்கு அடிச்சுச் சொல்லி வீட்டுக் கதவுல ஒட்டணும். கூத்தையா தமுக்கு அடிச்சான், சொல்ல வேண்டியது தலையாரி. முன்சீப்பு படிச்சுக் காட்டுனதை மனப்பாடம் பண்ணிச் சாவடியில ஒருதரம் சொன்னேன், கரையில ஒருதரம் சொன்னேன், மூணாவது அவன் வீட்டு வாசல்ல. லீமாரோஸ் மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தவ ஈரக்கையோட எந்திரிச்சு வந்து நின்னா. நான் பேரை மட்டும் வாய்க்குள்ளயே முணுமுணுத்தேன். அவ சிரிச்சா. இன்னும் சத்தமாச் சொல்லுங்க அய்யா, கடலுக்கு அங்கிட்டு அவுகளுக்குக் கேக்கட்டும்னா. நான் சத்தமாச் சொன்னேன் மகனே. செத்தவனைப் பேர் சொல்லி மூணுதரம் கூப்பிட்டேன்.

அவளுக்குத் துக்கமே இல்லேன்னு உங்க அம்மா குறைப்படுறா. துக்கம் எப்படி வரும். போலீசு என்ன பொய்யாவா தேடும், தேடுறாகன்னா அவுக உசிரோட இருக்காகன்னுதான அர்த்தம்னு என்கிட்டயே சொல்றா. ஜீப்பு வர்ற சத்தம் கேட்டா ஊரே கதவைச் சாத்துது, அவ தலையைச் சீவிக்கிட்டு வாசலுக்கு வாரா. யாராவது வந்து வையட்டும், மிரட்டட்டும், அவளுக்கு அது சேதி. கிறிஸ்மசுக்கு வந்துருவாகன்னு ஒரு கைலி வாங்கி மடிச்சு வச்சிருக்கா. அவளுக்கு நான் செய்யிற நல்லது எது, இல்லாத ஒருத்தனை இருக்கான்னு விட்டுவைக்கிறதா, இருக்கான்னு நினைக்கிறவளை அறுத்துப்போடுறதா. எனக்குத் தெரியலே. யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு. போன மாசம் திருப்பாலைக்குடிக்குச் சாமியார் வந்தப்ப இதைச் சொல்லிரலாம்னு பாவசங்கீர்த்தன வரிசையில நின்னுட்டு, எனக்கு முன்னால ரெண்டு பேர் இருக்கிறப்பவே திரும்பி நடந்து வந்துட்டேன்.

வீட்டு விசயம் எழுதாம விட்டா உங்க அம்மா மனசு சங்கடப்படும், அவ பேரால எழுதுறேன். உங்க அம்மா யாகப்பம்மாளுக்கு முழங்கால் வீக்கம் வத்தலே, கோயிலுக்குப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போறா. வாடை தொடங்கிருச்சு, மூணு நாள் மழையில அடுப்படிச் சுவர் ஒரு பக்கம் உக்காந்துருச்சு. கருப்பாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. பேரனுக்குப் பல் முளைச்சிருச்சான்னு தினம் கேக்குறா. நீ ஹோட்டல் சோறு திங்காம நேரத்துக்கு வீட்டுக்குப் போ. இன்னொண்ணு, இது அம்மா சொல்லலே, நான் சொல்றது. உன்னை எங்கயாவது வீடு சோதனைக்கு அனுப்புனாகன்னா, வாசல்ல நிக்கிற பொம்பளை என்ன பேசுனாலும் லத்தியைத் தரையைப் பாக்கப் பிடி. பானையை உருட்டாத.

இவ்வளவும் எழுதுனது உன்கிட்ட யோசனை கேக்கத்தான். நீ சட்டம் படிச்ச பிள்ளை, எந்த செக்சன்ல என்ன போடுவாக, உன் ஏட்டு பரீட்சைக்கு இதனால கெடுதி வருமா, எல்லாம் கேட்டு எழுதச் சொல்லணும்னுதான் உக்காந்தேன். எழுதி வர வர ஒண்ணு புரிஞ்சது. உன் பதில் வர எட்டு நாளாகும், ஜப்திக்கு ஏழு நாள்தான் இருக்கு, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுக் கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுதிரி எடுத்துக்கிட்டுப் போகும். நான் இன்னும் உன் பதிலுக்குக் காத்திருக்கேன்னு சொல்லிக்கிட்டு இதையும் எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு உன் பக்கமாத் தள்ளிவிடப் பாத்தேன் மகனே. அது வேண்டாம். இன்னைக்குப் பொழுது சாயுமுன்ன லீமாரோஸ் கையில உத்தரியத்தைக் கொடுத்துருவேன், நான் வாயைத் திறக்க வேண்டியிராது, முடிச்சைத் தடவினா அவளுக்கே தெரியும். நாளைக்குச் சனிக்கிழமை, ஸ்டேஷனுக்குப் போற நாள், அங்கன உள்ளதைச் சொல்லிருவேன். நம்புனா நம்பட்டும், உள்ள வச்சா வைக்கட்டும். உனக்குக் கெடுதி வந்தா இந்த அய்யாவைப் பொறுத்துக்க. நான் கேக்குற மன்னிப்பு அதுக்கு ஈடாகாதுன்னும் தெரியும்.

கல்லறைத் திருநாள் அன்னைக்குப் பட்டணத்துக் கோயில்ல ஒரு திரி கொளுத்து, பேரைச் சொல்லிக் கொளுத்து. இங்கன லீமாரோஸ் எங்க கொளுத்தன்னு கேப்பா, நான் கையைக் காட்ட ஒரு இடம் இல்லே.

மாதா உன்னையும் உன் பிள்ளைகுட்டிகளையும் காப்பாத்தட்டும். பேரன் நெத்தியில எனக்காக ஒரு சிலுவை போடு. மேலே பதிலை உபதேசியார் மேற்பார்வையில போடச் சொல்லியிருந்தேனே, அதைப் பாக்காத. வீட்டுக்கே போடு, லீமாரோஸ் பேருக்கே போடு. எனக்குன்னு அதுல ஒரு வரி எழுதுனா, அவ அதைப் படிச்சுக் காட்டுவாளோ மாட்டாளோ, அவளை விட்டா வேற ஆளைப் படிச்சுச் சொல்லச் சொல்ல எனக்கு மனசு இல்லே.

இப்படிக்கு,
உன் அய்யா
சவேரியார்