பொன்னாடைக்குக் கீழே முடிச்சு

2-2-2009, திங்கள்

காலையில நல்ல பனி. கடலூர் பஸ் ஸ்டாண்டுல பக்கத்து பஸ்ஸோட போர்டுகூட தெரியல. சிதம்பரம் போய்ச் சேர எட்டே முக்கால், ஒன்பதுக்கு கிளாஸ்.

பாறை ஏறுற பயிற்சி, புது பேட்ச். பன்னெண்டு பேரு, எல்லாம் ஃபர்ஸ்ட் இயர். இந்த ஊர்ல பாறைக்கு எங்க போறது? காலேஜ் கிரவுண்டுல முப்பதடி பலகைச் சுவர்தான்.

இன்னைக்கு: ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) மாட்டுறது, எட்டு முடிச்சு. கயித்துல எட்டு போட்டு, இடுப்புல இருக்கிற வளையத்துல நுழைச்சு, வந்த வழியே திரும்ப விடணும். திரும்ப விடலன்னா அது முடிச்சே இல்ல, சும்மா அலங்காரம். துண்டால கண்ணைக் கட்டிட்டு போடச் சொன்னேன். ஒருத்தன் பேண்ட் லூப்புல நுழைச்சு இறுக்கிட்டான். சிரிச்சு மாளல.

வாங்கணும்: பிளாஸ்திரி, அம்மாவுக்கு முட்டிவலி தைலம்.

சாயங்காலம் நோட்டீஸ் போர்டு பாத்தேன். சனிக்கிழமை போன பேட்ச்சுக்கு நிறைவு விழா, சீஃப் கெஸ்ட் செல்வகுமார். அவனேதான். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டே வந்திருக்கேன், இப்பதான் தாடை வலிக்குது.

4-2-2009, புதன்

வெயில் ஜாஸ்தி. இடது மணிக்கட்டு வலி. அதுவே ஞாபகப்படுத்துது, அதனால எழுதிடுறேன்.

நாலு வருஷம் முன்னாடி, செஞ்சிப் பாறை. நான் மேல ஏறுறேன், கீழ கயிறு புடிச்சவன் செல்வகுமார். செல்போன் வந்துச்சு, எடுத்தான். கயித்தை விட்டான். பதினஞ்சு அடி விழுந்தேன். மணிக்கட்டு ரெண்டு துண்டு. ஆஸ்பத்திரியில நான் கெடக்குறப்போ அவன் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கான்: அந்தப் பொண்ணு முடிச்சை சரியா போடல. கூசாம எழுதியிருக்கான். மலைப் பயிற்சிக்கு என் பேருதான் போயிருக்கணும். அவன் போனான். இப்ப பெரிய ட்ரெய்னர், ஊர் ஊரா பொன்னாடை. எனக்கு மிச்சம் பட்டப்பேரு. இங்ககூட பசங்க முதுகுக்குப் பின்னாடி 'முடிச்சு மிஸ்'ன்னுதான் சொல்லுதுங்க.

தெய்வம் நின்னு கொல்லும்னு அம்மா சொல்லும். நின்னது போதும்.

இன்னைக்கு கிளாஸ்ல: கை வச்சுப் பாக்குறது. ஏறப்போறவன் முடிச்சை இன்னொருத்தர் கண்ணால மட்டும் பாத்தா பத்தாது, தொட்டுப் பாக்கணும். பிரின்சிபாலே வந்தாலும் தொடாம ஏத்தக்கூடாது. யாரு வேணாலும் 'நில்லு' சொல்லலாம். ஜெனிபர்னு ஒரு பொண்ணு, பக்கத்துல கிள்ளை கிராமத்துலேர்ந்து வருது, குரலே எழும்பாது. "பெரியவங்களையும் சொல்லலாமா மிஸ்?"ன்னு கேட்டுச்சு. பெரியவங்களைத்தான் மொதல்ல சொல்லணும்னேன். எழுதி வச்சுக்கிச்சு.

6-2-2009, வெள்ளி

பி.டி. சார்கிட்ட பேசிட்டேன். "கெஸ்ட் ஏறிக் காட்டுனா பசங்களுக்கு உற்சாகமா இருக்கும் சார்." அவரு உடனே, "நல்ல ஐடியாம்மா, நீயே கயிறு புடி"ன்னாரு. அதான் வேணும்.

சுவத்துல சிவப்புப் பிடி வச்ச வழியில அவனை விடப்போறேன். இருபதடியில வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கும். பேப்பர் போட்டோல செல்வகுமாரோட தொப்பை பாத்தேன், அங்க கண்டிப்பா மாட்டுவான். எல்லார் எதிர்லயும் தொங்குவான். அஞ்சு நிமிஷம் தொங்க விட்டுட்டு மைக்குல சொல்லுவேன்: "பயப்படாதீங்க சார், நான் போன் பேச மாட்டேன்."

பத்து தடவை சொல்லிப் பாத்துட்டேன். கண்ணாடி முன்னாடி. அம்மா என்னடின்னு கேட்டுச்சு.

ஜெனிபர் இன்னைக்கு மொத தடவையா உச்சி தொட்டுச்சு. இறங்குனதும் அழுகை.

7-2-2009, சனி

வரிசையா எழுதுறேன்.

பத்தரைக்கு வந்தான். என்னைப் பாத்து, "அட, நீயா! கை எப்படி இருக்கு?" அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.

ஹார்னஸ் மாட்டுனான். எட்டு போட்டான், வளையத்துல நுழைச்சான். அப்ப பாத்து பி.டி. சார் பொன்னாடையோட வந்துட்டாரு. இவன் கயித்தை விட்டுட்டு ரெண்டு கையும் கூப்புனான். கைத்தட்டல், போட்டோ. போட்டோக்காரரு, "சால்வையோட ரெண்டு ஸ்டெப் ஏறுங்க சார், அப்புறம் எடுத்துடலாம்"ன்னாரு. திரும்பி சுவத்துல கை வச்சான்.

"நில்லுங்க சார்."

ஜெ.! அந்தக் குரல் எங்கேர்ந்து வந்துச்சோ.

"நானே சொல்லிக் குடுக்குறவன்மா" அப்படின்னான். அவ கேக்கல. முன்னாடி வந்து சால்வைக்குள்ள கைய விட்டா. தொட்ட உடனே கயிறு கையோட வந்துடுச்சு.

"திரும்ப விடல சார். உருவிக்கிச்சு."

"பேச்சுவாக்குல மறந்துட்டேன்"னு இளிச்சான். பின்னாடி ஒரு பையன் மெதுவா, "முடிச்சு சார்." அப்புறம் ஒரே சிரிப்பு. முட்டி வலின்னு சொல்லி ஹார்னஸைக் கழட்டிட்டான். சாப்பிடாமலே கெளம்பிட்டான்.

நான் கேட்டதைவிட ஜாஸ்தியாவே கெடைச்சுது. ஆனா சந்தோஷமா எழுத வரல.

நானும் பாத்தேன். அவன் கை கூப்புனப்ப சால்வை ஒதுங்குச்சு, கயித்தோட வால் நுனி சும்மா தொங்குது. நாலடி தூரத்துல, அவன் கயிறு என் கையில. வாய் தொறக்கல. ரெண்டு அடி ஏறட்டும், அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன்னு எழுதலாம். பொய். ஒண்ணும் நெனக்கல. பாத்துக்கிட்டு நின்னேன். அவன் ஏறப்போறது முப்பதடி.

பஸ் ஸ்டாப்புல ஜெ. கேட்டா: "மிஸ், நீங்க எதிர்லதான நின்னீங்க. உங்களுக்குத் தெரியலயா?"

"தெரியலம்மா. சால்வை மறைச்சுடுச்சு."

கூசவே இல்ல. அவனை மாதிரியே சொன்னேன்.

9-2-2009, திங்கள்

லேசா தூறல். சுவர் ஈரம், துணி வச்சுத் துடைச்சோம். ஏழு பேருதான் வந்தாங்க.

நீல வழி ஏறிக் காட்டுறதுக்கு நான் முடிச்சு போட்டேன். கயிறு புடிக்க ஜெனிபர். கை வச்சுப் பாத்தா. சரின்னா. நான் சுவரு பக்கம் திரும்புனேன். "மிஸ், ஒரு நிமிஷம்." திரும்பவும் தொட்டா. ஒரு அடி ஏறிட்டேன். மூணாவது தடவையும் கூப்புட்டு, இறக்கித் தொட்டுப் பாத்தா.

என் முகத்தை ஒரு தடவகூட பாக்கல.