சவரிமுத்துவின் இரண்டு முடிவுகள்

மார்ச் 3, 2094. காலை 09:10
நிலவு, தென்முனைக் குடியிருப்பு. பதிவு: மருத்துவர் செண்பகவல்லி.
அறுபதைத் தாண்டியவர்களுக்கான உடல்திறன் சோதனை முடிந்தது. எடைச்சட்டை போட்டுக்கொண்டு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பிறகு கூடத்தைச் சுற்றி வேகநடை. நீர்ப்பிரிவுச் சவரிமுத்து தேறினார். தோட்டக்கூடத்தில் வேலை செய்யும் அவர் மனைவி லூர்தம்மாள் தேறவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல்.

மார்ச் 5. பிற்பகல் 14:40
காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று நின்றுவிட்டது. இருக்கும் எல்லோருக்கும் இனிக் காற்று போதாது. நாளை மறுநாள் புறப்படும் கலத்தில் முதியவர்களை ஏற்றச் சொல்கிறது பூமி. ஆனால் தேறியவர்களை மட்டும். பூமியில் இறங்கும்போது உடலை நசுக்கும் பாரத்தைத் தளர்ந்த இதயம் தாங்காதாம்.
சவரிமுத்து வானொலியில் அழைத்தார்:
"டாக்டரம்மா, அன்னைக்கி அவளுக்குச் சளி புடிச்சிருந்துச்சி. எந்திரிச்சி உக்காருததை வச்சா எம் பொஞ்சாதிய இங்கனயே வுட்டுட்டுப் போவச் சொல்லுதீக? இன்னொருக்க பாருங்க."

மார்ச் 6. காலை 10:25
மறுசோதனை. அதே நாற்காலி, அதே சட்டை, சோதிப்பதும் அதே நான். லூர்தம்மாள் தேறினார். அவர் போன பிறகு சவரிமுத்துவையும் நடக்கச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. கவலையில் தூக்கமில்லை என்றார். இருக்கலாம். இதய வரைபடத்தில் குறை தெரியவில்லை. மனைவியிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.
பூமிக்கு அனுப்பியது: "ஒரே ஆளின் முடிவு மூன்று நாளில் மாறுகிறது. இதை நம்பி யாரையும் பிரிக்க முடியாது."
பதில்: "வேறு சோதனைக்கு நேரமில்லை. ஒருவருக்கு ஒரே முடிவு. எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்."

மார்ச் 6. மாலை 17:30
முதல் சோதனையை எடுத்தால் லூர்தம்மாள் இங்கே. இரண்டாவதை எடுத்தால் சவரிமுத்து இங்கே.
லூர்தம்மாளுக்கு இரண்டாவதை எழுதினேன். சவரிமுத்துவுக்கு முதலாவதை. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

மார்ச் 7. காலை 08:00
கலம் கிளம்பிவிட்டது. கதவு மூடுவதற்கு முன் சவரிமுத்துவின் குரல்:
"ரெண்டு பேரும் பாஸு, டாக்டரம்மா! ஊருக்கு வந்தா வீட்டுக்கு வராமப் போயிராதீக. நண்டுக் கொளம்பு வச்சித் தாறேன்."
பின்னால் லூர்தம்மாள்: "ஆமா, இவுக வச்சிக் கிளிச்சாக!"
சிரித்தேன். இந்த வாரத்தில் முதல்முறை.

மார்ச் 10. பிற்பகல் 13:15
கலம் கடலில் இறங்கியது. சேதமில்லை என்று முதல் செய்தி.

13:40
"டாக்டரம்மா... லூர்து பேசுதேன். கேக்குதா? இவுக எறங்கும்போதே தலையச் சாச்சிட்டாக. கையப் புடிச்சிக்கிட்டேதான் இருந்தேன். கூப்புடக் கூப்புடப் பேசல. இங்க உள்ளவுக துணியப் போட்டு மூடிட்டாக. நல்லாத்தானே இருந்தாக? நீங்க பாத்துதானே அனுப்புனீக?"

13:52
பூமியிலிருந்து: "அடுத்த கலத்துக்கு மீதி முதியவர்களின் முடிவுகளை இன்றே அனுப்பவும்." எடைச்சட்டைகளோடு வெளியே நிற்கிறார்கள். ஒருவர் கதவைத் தட்டுகிறார்.

லூர்தம்மாளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். பார்த்துத்தான் அனுப்பினேன் என்றேன். இரண்டு தடவை பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை.