பதவியேற்பு நாள் பாயசம்

கரண்டியும் கையுமாகவே என் நினைவில் நிற்கும் அப்பாவுக்கு,

சென்னையில் புது அரசு பதவியேற்றுவிட்டது. யார் வென்றார், யார் தோற்றார் என்று இதில் எழுதப்போவதில்லை. நீங்களும் அதை முதலில் கேட்கிற ஆள் இல்லையே. "சத்தியப்பிரமாணம் எண்டைக்காம்?" என்றுதான் கேட்பீர்கள். நாள் தெரிந்ததும் சவ்வரிசியும் முந்திரிப்பருப்பும் வாங்கி அலமாரியில் ஏற்றிவிடுவீர்கள்.

நம் வீட்டு வழக்கம் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எவர் முதலமைச்சராகப் பதவியேற்றாலும் மிச்சம் என்கிற லண்டன் புறநகரில் நம் வீட்டில் பாயசம். எந்தக் கட்சி என்பது பேச்சில்லை. லண்டனில் விடிகிற நேரத்தில் தொலைக்காட்சியில் பதவியேற்பைப் பார்த்துவிட்டு, பானையைக் காரில் ஏற்றி நம் கடைக்குக் கொண்டுபோவீர்கள். பேப்பர் வாங்க வருகிறவர், பால் வாங்க வருகிறவர், பஸ்ஸுக்குச் சில்லறை மாற்ற வருகிறவர் எல்லோருக்கும் ஒரு கப். இந்தியாவில் ஒரு வாக்குக்கூட இல்லாத மனிதர், இங்கிலாந்தில் நின்று, இந்திய மாநிலம் ஒன்றின் முதலமைச்சருக்காகப் பாயசம் ஊற்றுகிறார். அம்மா சொல்வதுபோல, ஊரில் இல்லாத கூத்துத்தான்.

பக்கத்துத் தெரு மிஸ் போலெட்டை நினைவிருக்கிறதா? முதலமைச்சர் என்பவர் உங்கள் உறவுக்காரர் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் கப்பை வாங்கிக்கொண்டு, "உங்கள் கசின் மறுபடியும் வென்றுவிட்டாரா?" என்பார். முதலில் விளக்கிப் பார்த்தீர்கள். பிறகு அலுத்துப்போய், "இல்லை, இது மற்றக் கசின்" என்று சொல்லத் தொடங்கினீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த முதலமைச்சருக்குச் செய்தி சொல்லிவிட்டீர்களா என்று மெல்லக் கேட்டார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

மதுரைச் செல்வம் அண்ணன் கதை வேறு. பக்கத்துத் தோர்ன்டன் ஹீத்தில் மோட்டார் கராஜ் வைத்திருக்கிற அவருக்கு ஒரே கட்சி, ஒரே தலைவர். அவர் கட்சி தோற்ற ஒரு வருடம் கடைக்குள் வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இது, எங்க ஆளு தோத்துட்டாரு, நீங்க இங்க பாயசம் ஊத்திக்கிட்டு இருக்கீங்க?"

"தோத்தவைக்கு ரெண்டு கப் தம்பி. இந்தாரும். தோத்தவர் இப்ப எங்கை?"

"வீட்டுலதான் இருக்காரு."

"அதுக்குத்தான் பாயசம். தோத்தவர் வீட்டிலை இருக்கிறார்."

"நம்ம ஊர்ல ஜெயிலுக்கும் போயிருக்காங்கண்ணே!"

"போனவையும் திரும்பி வந்து அதே கதிரையிலை இருக்கினமே, தம்பி!"

இரண்டு கப்பையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

முதலமைச்சர் நாற்காலியான அந்தக் கதிரையின் மேல் உங்களுக்கு ஏன் அவ்வளவு அன்பு என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. நாம் யாழ்ப்பாணத்தில் இருந்து வள்ளத்தில் கடல் கடந்து, தமிழ்நாட்டுக் கரையில் இருக்கிற மண்டபம் வந்து அகதி முகாமில் இருந்த காலம். வந்து கொஞ்ச நாளில் டில்லி அந்த மாநில அரசையே கலைத்தது. இலங்கையிலிருந்து வந்த இயக்கத்துக்கு அங்கே இடம் கொடுத்தார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. "எங்கட பேரைச் சொல்லி ஒராளின்ர கதிரையைப் பறிச்சுப்போட்டாங்கள்" என்று நீங்கள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். கலைக்கப்பட்டவர் துவக்குத் தூக்கிச் சுடக் கிளம்பவில்லை, ஒளிந்துகொள்ளவில்லை. வீட்டுக்குப் போனார். பிறகு ஒரு தேர்தலில் வென்று திரும்பி வந்தார். அந்தப் பதவியேற்பை முகாமில் ஒரு ரேடியோவைச் சுற்றி இருந்து கேட்டீர்கள். முதல் பாயசம் அன்றுதான். அவருக்குப் பிறகு அவரைத் தோற்கடித்தவர் வந்தபோதும் வைத்தீர்கள். அப்போது நாம் லண்டனில் இருந்தோம்.

பாயசம் ஆறும்வரை உங்கள் வகுப்பு நடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பதவிக்குப் பிரதமர் என்றே பெயர் இருந்தது என்பீர்கள். பிறகு முதலமைச்சர் ஆனார்கள். மாநிலம் சுருங்கியது, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காதவரும் அதில் இருந்தார், மேடையில் பேசிப் பெயரெடுத்தவரும் இருந்தார், சினிமாவில் நடித்தவர்களும் இருந்தார்கள், சில வாரங்கள் மட்டுமே இருந்து எழுந்து போனவரும் உண்டு. "கதிரை அப்பிடியே இருக்குது, ஆக்கள்தான் மாறுகினம்" என்பீர்கள். ஏதோ நீங்களே செய்து கொடுத்த கதிரை மாதிரி ஒரு பெருமை.

அந்தப் பதவியை நீங்கள் கடை மனேச்சருக்கு ஒப்பிடுவீர்கள். சாமான் அடுக்கலாம், ஆள் எடுக்கலாம், திறக்கிற நேரத்தைத் தீர்மானிக்கலாம். கடையின் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், வேறொருவரிடம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ், அரிசி, பொலிஸ் எல்லாம் முதலமைச்சரிடம். படையும் வெளிநாட்டு விவகாரமும் டில்லியிடம். எனக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டில் முட்டை வைக்கிறவர் முதலமைச்சர் என்று மண்டபத்துப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டேன். இன்றுவரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் அவித்த முட்டைதான் ஞாபகம் வருகிறது.

அம்மாவுக்கு அந்தச் சொல் தண்ணீர்க் குழாய். முகாமுக்குள் தண்ணீருக்குப் பெண்கள் படாத பாடு பட்டபோது, 'மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கு' என்று தொடங்கி மனு எழுதிச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பியவர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்களாம். பிறகு ஒரு நாள் ஜீப் வந்தது. அதிகாரி ஒருவர் இறங்கி, மனுப் போட்ட பெண் யார் என்று கேட்டார். குழாயும் வந்தது. அதைத் திறந்து முதல் குடம் பிடித்தது அம்மா. அன்றைக்குப் பெருமையில் அம்மாவைப் பிடிக்க ஏலாதாம்.

அந்தக் குழாய்தான் பிறகு அம்மாவை ஏமாற்றியது. வன்னியில் கடைசிப் போர் நடந்தபோது குமரன் மாமா உள்ளே அகப்பட்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. லண்டனில் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். நீங்களும் நானும் நின்றோம். அம்மா வரவில்லை. மேசையில் இருந்து மனு எழுதினார். மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கு, என் தம்பியை வெளியே எடுத்துத் தாருங்கள். குழாய் தந்தவர்களிடம் தம்பியைக் கேட்டார். வேறு எவருக்கு, அப்பா, இப்படி ஒரு பிழை விடத் தோன்றும்?

பதில் வந்தது. மரியாதையான பதில். இது மத்திய அரசின் பொருள் என்பதால் மனு டில்லிக்கு அனுப்பிவைக்கப்பட்டது என்று இருந்தது. அது வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. மாமாவும் இல்லை.

நீங்கள் அம்மாவிடம் ஆறுதலாகத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். "அவருக்கு அந்த அதிகாரம் இல்லையப்பா. ஆனாலும் பதில் போட்டிருக்கினம்."

அம்மா உங்களைத் திரும்பிப் பார்த்தார். "குழாய் போட ஏலும். என்ர தம்பியைக் காப்பாத்த ஏலாதோ?"

நீங்கள் அந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தீர்கள். இப்போதாவது அதற்குப் பதில் இருக்கிறதா, அப்பா?

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதவியேற்பிலும் அம்மா மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நீங்கள் பாயசத்தை நிறுத்தவும் இல்லை, அவரைக் குடிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. ஒரு கப்பை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவீர்கள். மாலையில் வந்து ஆடை படிந்த கப்பை எடுத்துக் கழுவுவீர்கள். இதை இரண்டு பேரும் வாய் திறந்து பேசியதே இல்லை.

நீங்கள் போன பிறகு வந்த முதல் பதவியேற்பு இது. முதல் நாள் செல்வம் அண்ணன் போன் எடுத்துக் கேட்டார். "அம்மா என்ன சொல்றாங்க? பாயசம் உண்டா, இல்லையா?" பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உங்கள் வழக்கத்தை விட்டால் உங்களை விட்ட மாதிரி. வைத்தால், மாமாவை இழந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் இனிப்புக் கிண்டுகிற மாதிரி. அவருக்கு இந்த வீட்டில் இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கடைசியில் ஒரு சின்னச் சட்டியில், சத்தம் போடாமல், உங்களுக்காக மட்டும் வைப்போம் என்று விடியற்காலையில் இறங்கி வந்தேன். உங்கள் கைப்பக்குவம் எனக்கு எங்கே? பாலைப் பார்ப்பதா, தொலைக்காட்சியைப் பார்ப்பதா என்று நின்றதில் சவ்வரிசி அடிப்பிடித்துவிட்டது. மணம் மாடிக்குப் போயிருக்க வேண்டும். அம்மா வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, வீட்டை எரிக்கப் போறியோ?"

"இல்லையம்மா, சும்மா..."

"உன்ர கொப்பர் சவ்வரிசியை வறுத்துப்போட்டெல்லோ போடுறவர். தள்ளு."

சட்டியை இறக்கிவிட்டு, அலமாரியின் மேலிருந்து உங்கள் பெரிய பானையை எடுத்தார். நெய்யில் சவ்வரிசியை வறுத்தார், பாலை ஊற்றினார், கரண்டியை என் கையில் தந்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஆளுநர் வந்தார், நாட்டுப்பண் முடிந்தது, உறுதிமொழி தொடங்கியது. 'விருப்பு வெறுப்பை விலக்கி' என்கிற இடம் வந்ததும் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"உந்த இடத்திலைதான் கொப்பரும் சேர்ந்து சொல்லுறவர்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் மேலையெல்லோ இருந்தனீங்கள்?"

"கதவைத்தானே சாத்தினனான். காதையுமே?"

எல்லா வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அப்பா. இது உங்களுக்குத் தெரிந்துதான் தொலைக்காட்சியை அவ்வளவு சத்தமாக வைத்தீர்களா?

கப்பை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். "சீனி காணாது" என்றார். மிச்சத்தையும் குடித்தார். பிறகு கப்பை மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்து மாமியைப் பற்றிக் கேட்டார். உங்கள் தங்கையான அந்த மாமி இன்னும் அதே முகாமில்தான். அவர் மகள் அங்கேயே பிறந்து, படித்து, வேலைக்குப் போகிறாள். இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. காலை பஸ் முகாமடியில் நிற்காததால் பெரிய ரோட்டுக்கு நடக்கிறாளாம்.

"பேப்பர் எடு. ஒரு மனு எழுதவேணும்."

"குடியுரிமைக்கோ அம்மா?"

"அது டில்லியின்ர கையிலை. கொப்பர் படிச்சுப் படிச்சுச் சொன்னதுதானே. ஏலாததைக் கேட்டு நானும் நொந்து, அவையையும் ஏன் நோகடிப்பான்? பஸ் கோட்டையின்ர கையிலை. இந்த முறை அவையாலை ஏலுமானதைக் கேட்பம்."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கு. பஸ், முகாம் வாசல், காலை நேரம். முடிந்தது என்று நினைத்துப் பேனையை மூடினேன்.

"பொறு. அடியிலை தம்பியின்ர பேரையும் எழுது."

"என்னெண்டு எழுத அம்மா? என்ன கேட்கிறது?"

"கேட்க ஒண்டுமில்லை. குமரன் எண்டு ஒருத்தன் இருந்தவன், அவனுக்கு ஒரு தமக்கை இருக்கிறாள் எண்டு எழுது. அந்தக் கதிரையிலை இருக்கிறவைக்கு ஒருக்கால் தெரிஞ்சிருக்கட்டும்."

எழுதினேன், அப்பா. 'குமரன்' மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிக் கீழே தன் கையெழுத்தை வைத்தார்.

அதன் பிறகு பானையைக் கடைக்குக் கொண்டுபோனோம், இரண்டு பேருமாக. செல்வம் அண்ணன் வந்தார். எத்தனை கப் குடித்தார் என்று சொன்னால் யார் வென்றார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். மிஸ் போலெட்டும் வந்து கேட்டார். "ஓம், எங்கட கசின்தான்" என்று அம்மாவே தமிழில் சொல்லிக் கப்பைக் கொடுத்தார்.

மனு தபாலில் போய்விட்டது. பஸ் நிற்கிறதா என்று மாமியிடம் கேட்டு உங்களுக்குச் சொல்வேன். நிற்காவிட்டால் அடுத்தவருக்கும் எழுதுவோம், அவருக்கு அடுத்தவருக்கும் எழுதுவோம். அந்தக் கதிரைக்கு யார் வந்தாலும் இந்த வீட்டில் பாயசம் இருக்கும் அப்பா. மாடிப்படியில் இனி ஒரு கப் ஆறிக் கிடக்காது.

சவ்வரிசியை வறுக்காமல் போட்ட
உங்கள் மகள்,
வதனி
மிச்சம், லண்டன்