சம்பந்திக்குச் சொன்ன ரயில்வே வீடு

ரங்கூன்,
22 ஆகஸ்டு 1926

சௌபாக்கியவதி சொர்ணத்துக்கு அப்பா செல்லையா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். எனக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாளாகிறது, ஆகையால் இந்தத் தடவை சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காக அல்ல, நிஜம்தான். மாண்டலேயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறதும் நன்றாயிருக்க முருகன் துணை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு உன் மாமியாரே உன்னைக் கூட்டிவந்து விடப்போவதாகவும், வீடு எப்படி என்று கேட்டபோது இரண்டு அறையும் கொல்லையும் உண்டு என்று நீ சொல்லிவிட்டதாகவும் படித்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கல்யாணத்தின்போது சம்பந்தியிடம் எங்களுக்கு ரயில்வே வீடு இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். அது சக்கரம் வைத்த கூட்ஸ் பெட்டி, பாலங்களுக்கு வர்ணம் அடிக்கும் ஆட்களோடு ஊர் ஊராகப் போவது, இருபத்திரண்டு வருஷமாக எங்கள் குடித்தனம் அதில்தான் என்பதையெல்லாம் மென்று விழுங்கிவிட்டேன். கோவிலில் கல்யாணம் நடந்ததால் யாரும் வந்து பார்க்கவுமில்லை.

மழை விட்டால்தான் பாலத்து வேலை, அதுவரை பெட்டி ரங்கூன் யார்டில் ஓரமாக நிற்கிறது. அம்மா ஜன்னலோரம் டின்னில் கொத்தமல்லி போட்டிருக்கிறாள், பாத்திரங்களைப் பழையபடி கொக்கியில்தான் மாட்டுகிறாள், நிற்கிற பெட்டியில் எதற்கடி என்றால் கேட்பதில்லை. எங்களுக்குள் சண்டை வந்தால் ஒருவர் கீழே இறங்கிப் படியில் உட்கார வேண்டும், வேறு இடம் ஏது, இந்த மாதம் பெரும்பாலும் உட்கார்ந்தது நான். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஊருக்குள்ளே போட்டாதாங் பேட்டையில் ஒரு மாடி அறையை எடுத்து, உன் மாமியார் வருகிற அன்று அதையே எங்கள் வீடென்று காட்டிவிடலாம் என்று யோசனை பண்ணினேன். அம்மா அரை மனதாகத் தலையாட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். பெட்டியின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி இருக்குமே, உள்ளே ஆள் இருக்கிறது, இஞ்சினை மாட்டாதே என்பதற்கு அடையாளம், சின்ன வயதில் அதைத் தொட்டு நீகூட அடி வாங்கியிருக்கிறாய். மழையும் கரிப்புகையும் பட்டு அழுக்காயிருக்கிறதே என்று உன் அம்மா இரண்டையும் அவிழ்த்துத் துவைத்துப் புடவையோடு வேலியில் காயப்போட்டுவிட்டு பஜாருக்குப் போய்விட்டாள். நான் காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன். கொடியில்லாத பெட்டி காலிப் பெட்டிதானே, இஞ்சின் வந்து மாட்டி இழுத்துப் போய்விட்டது. கொக்கியில் பாத்திரமெல்லாம் ஆட நான் விழித்து எட்டிப் பார்த்தால் பஸண்டாங் அரிசி ஆலைகள் தெரிகின்றன. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன்.

உன் அம்மா திரும்பி வந்து பார்த்தால் புடவையும் கொடியும் இருக்கின்றன, வீட்டைக் காணோம். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பீர் முகைதீனிடம் போய், "பாய், எங்க வீட்டப் பாத்தீங்களா" என்று கேட்டாளாம். அவர், "இப்பத்தானேம்மா இப்படிப் போச்சு" என்று கை காட்டினாராம். கூடையும் கையுமாக, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் எங்கள் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டே தண்டவாளத்தோரம் நடந்து வந்து சேர்ந்தாள். அடுப்பு அணைந்திருந்ததா என்று பார்த்தாள், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். வீடு போனதற்கா அழுகிறாய் என்றேன். "வீடு எங்க போயிடும், நடந்தா வந்துரலாம். வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு நமக்காகப் பொய் சொல்லிட்டு அங்க பயந்துக்கிட்டு உக்காந்திருக்காளே" என்றாள். யார்டு முழுக்க அந்த வீட்டைக் கேட்டு வர அவளுக்கு வெட்கமில்லை, எனக்கு மட்டும் என்ன வந்தது என்று அன்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டாதாங் அறையைப் பேசிவிட்டேன், ஆனால் அதை எங்கள் வீடென்று காட்டப்போவதில்லை, பிரசவத்துக்கு மட்டும் எடுத்த வாடகை அறை என்றே சம்பந்தியிடம் சொல்லப்போகிறேன். கீழ்வீட்டில் டோ மியா என்ற பர்மாக்கார மருத்துவச்சி இருக்கிறாள், கைராசிக்காரி என்கிறார்கள். இதோடு சம்பந்திக்கு எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீயும் மாப்பிள்ளையும் முதலில் படியுங்கள், பிறகு கொடுங்கள். கோபப்பட்டால் என்மேல் படட்டும், நீ சொன்னதும் அப்பா சொன்னதை வைத்துத்தான் என்று எழுதியிருக்கிறேன். அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டால் அழாதே, ரயில்வே பாஸ் எழுதி வாங்கி அம்மாவை அங்கே ஏற்றிவிடுகிறேன், சம்பந்தி வீட்டில் எப்படித் தங்குவது என்று கௌரவம் பார்க்கமாட்டாள்.

வெந்நீரில் குளி, கனமான குடத்தைத் தூக்காதே, ரயிலில் வந்தால் மேல் பலகையில் ஏறாதே. தீர்க்க சுமங்கலியாக, நல்லபடி பிள்ளை பெற்றுப் பிழைத்திரு. இனி எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், சொர்ணம். இத்தனை நாள் சொல்ல வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

கூட்ஸ் பெட்டியில் குடியிருக்கும்
உன் அப்பா,
செல்லையா